மணவிழாவில் எந்த இசை?



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் திருமண இசையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதற்கு வரலாறே சான்று. 1931ஆம் ஆண்டில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது பதினொரு தடைகளை விதித்தனர். அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். நம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பது அவற்றுள் ஒன்று. திருமணத்தில் மேளம் முதலிய இசை கூடாது என்பது மற்றொன்று. தாலி கட்டுமுன் குதிரைமீது ஊர்வலம் வரலாகாது என்பது வேறொன்று. பள்ளிக்கூடத்தையும் மேளத்தையும் ஒரே பட்டியலில் வைத்துத் தடுத்தவர்கள், இவ்விரண்டுமே அடிமைப்பட்டவனைத் தலைநிமிரச் செய்யும் என்பதை நன்கு அறிந்திருந்தனர். ஆகவே மணவீட்டில் எந்த இசை ஒலிக்க வேண்டும் என்பது நமக்கு வெறும் கேளிக்கையன்று. மானத்தைச் சார்ந்த வினா.

1929இல் சிங்கம்பட்டி ஜமீனின் காட்டில் ஏறத்தாழ 8,373 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலைத் தோட்டங்கள் அங்கே எழுந்தன. அத்தோட்டங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் நம் மக்கள். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு முதலிய கோரிக்கைகளோடு நெல்லையில் ஊர்வலம் சென்றோருள் 17 பேர் தாமிரபரணியில் உயிர் நீத்தனர். ஊர்வலம் என்னும் சொல்லுக்கு நாம் கொடுத்த விலை அது. 2024 ஜூனில் தோட்டப் பணி நின்றது. லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் சமவெளியில் புதுவாழ்வு தேடும் நிலை வந்தது. லயன் வாசலில் நடந்திருக்க வேண்டிய திருமணங்கள் இனிக் கீழே, பல சாதியாரும் வாழும் ஊர்களில் நடக்கும். எனவே இசையைப் பற்றி நாம் தெளிந்த முடிவுக்கு வருதல் நன்று.

நம்மிடையே இரு கருத்துகள் உள. பறை நம் கலை, அதனை மணமேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பர் இளைஞர். பிறர் வீட்டுச் சாவுக்குக் கட்டாயத்தின்பேரில் அடித்த கருவி நம் வீட்டு மங்கலத்தில் ஏன் என்பர் பெரியோர். இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. பெரியோர் வெறுப்பது தோலையும் கட்டையையும் அன்று. கூலியின்றி, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு அடித்த அந்தக் கட்டாயத்தையே ஆகும். அந்தப் புண்ணை இளைஞர் எள்ளலாகாது.

ஆயினும் பறை இழிவானது என்னும் எண்ணம் தமிழின் பழமையில் இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைத்து எண்ணுகிறது. ஔவையார் பாடிய குறுந்தொகையின் 15ஆம் பாட்டில் மணத்தைக் குறித்துப் பறையும் சங்கும் ஒலிக்கின்றன. அகநானூற்றின் 136ஆம் பாட்டிலுள்ள திருமணத்தில் முழவு முழங்குகிறது. மேலும், மங்கலம் எனப் போற்றப்படும் தவிலும் தோல் போர்த்த கருவியே. கச்சேரி மேடையில் வீற்றிருக்கும் மிருதங்கத்திற்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். ஒரு தோல் மங்கலம், மற்றொரு தோல் தீட்டு என்று பிரித்தது இசை நூலன்று, சாதியே பிரித்தது.

நாகசுரம் நமக்கு அயலானது என்று ஒதுக்குவதும் தவறு. சேரன்மாதேவிக்கு அருகில் காருகுறிச்சியில் 1921இல் பிறந்து 1964இல் மறைந்த அருணாசலத்தின் நாகசுரம் இந்த ஆற்றங்கரையின் பொதுச் செல்வம். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் வழியே அது குடிசைக்கும் மாளிகைக்கும் ஒன்றாகவே சென்றது. எந்த மேளம் நம் தெருவில் ஒலிக்கலாகாது என்று தடுக்கப்பட்டதோ, அந்த மேளத்தை முறையாகக் கூலி பேசி அழைத்து ஒலிக்கச் செய்வது நம் உரிமை.

சட்டமோ எந்த இசையையும் கட்டாயமாக்கவில்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக மொழிந்து, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அத்திருமணம் செல்லும். ஆகவே மேளம் இல்லையேல் மணம் இல்லை என்று அஞ்சிக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இனி, நடைமுறைக்கு உரிய சில சொல்வோம். முதலாவது, மணமகளும் மணமகனும் விரும்பும் இசையை அவர்களிடம் கேட்டே முடிவு செய்க. இரண்டாவது, பறை வேண்டுமாயின் கற்றவர் மனமுவந்து அடிக்கட்டும். உறவுமுறையைக் காட்டி எவரையும் வற்புறுத்தற்க. மூன்றாவது, நாகசுரக் கலைஞராயினும் பறைக் கலைஞராயினும் கூலியை முன்பே பேசி, விழா முடிந்த அன்றே கொடுத்து, நம்முடன் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளிக்க. பறைக்குத் திண்ணையும் தவிலுக்கு மேடையும் என்று நாமே பிரிப்போமாயின், நம்மை ஒடுக்கியவர் வேலையை நாமே செய்தவர் ஆவோம். நான்காவது, மணமக்கள் உறுதிமொழி கூறும் வேளையில் ஒலிபெருக்கிப் பாட்டு ஓயட்டும். அச்சொற்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் கேட்க வேண்டும். அதன்பின் கெட்டிமேளம் கொட்டட்டும்.

இளைஞர்களே! ஊர்வலத்தில் பறையும் மணமேடையில் நாகசுரமும் ஒலிக்கலாம். இரண்டும் இன்றி அமைதியாகவும் மணம் நடக்கலாம். நம் வீட்டு இசையை நாமே தேர்ந்தோம், அச்சத்தாலோ கட்டாயத்தாலோ தேரவில்லை என்ற நிறைவு ஒன்றே முதன்மையானது. அந்தத் தேர்வுக்குரிய துணிவைத் தருவது கல்வி. அக்கல்வியைப் பரப்பும் இக்கழகம் நீடு வாழ்க!