கோடு கிழித்தவர் யார்?



வரலாற்றில் காலப்பகுப்பு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் கொட்டாவி வரும் தலைப்புதான். கொஞ்சம் பொறுங்கள், இதற்குள் அடிதடி நிறைய இருக்கிறது.

ஜேம்ஸ் மில் என்றொரு வெள்ளைக்காரர். இந்திய மண்ணை மிதித்ததில்லை. நம் மொழி ஒன்றும் அறியார். லண்டனில் உட்கார்ந்தபடியே 1817-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். இந்துக்கள் காலம், முஸ்லிம்கள் காலம், பிரிட்டிஷார் காலம் என்று நம் கடந்த காலம் மூன்று துண்டானது. முதல் இரண்டுக்கும் மதத்தின் பெயர். மூன்றாவதை மட்டும் ஏன் கிறித்தவர் காலம் என்று சொல்லவில்லை? 1819-இல் அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது. அவர் புத்தகம் இங்கே ஆளவந்த அதிகாரிகளுக்குப் பாடமானது.

பிறகு நாம் விழித்துக்கொண்டோம். மதத்தின் பெயர்களை எடுத்துவிட்டுப் பண்டைக்காலம், இடைக்காலம், நவீன காலம் என்று எழுதினோம். பலகையைத்தான் மாற்றினோமே தவிர, வெட்டிய இடம் பெரும்பாலும் அதே இடந்தான். 1206-இல் டெல்லியில் சுல்தான் ஆட்சி தொடங்கியபோது, சோழநாட்டில் மூன்றாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் குடிகளுக்கு அந்த ஆண்டில் எந்தக் காலம் முடிந்தது?

வெள்ளைக்காரரைத் திட்டிவிட்டு உட்கார்ந்தால் கைதட்டல் கிடைக்கும். நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோமே!

சங்க காலத்துக்கும் பல்லவர், பாண்டியர் எழுச்சிக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள். களப்பிரர் ஆண்ட காலம். அதற்கு நாம் வைத்த பெயர் இருண்ட காலம். பரீட்சையில் அப்படி எழுதினால்தான் ஒரு காலத்தில் மதிப்பெண் கிடைத்தது. அந்தப் பழிக்கு முதன்மைச் சான்று வேள்விக்குடிச் செப்பேடு. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் வெளியிட்டது. அது சொல்லும் செய்தி என்ன? பழைய பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி ஓர் அந்தணருக்கு வேள்விக்குடி என்ற ஊரைக் கொடுத்தான்; களப்பிரர் வந்து பறித்தார்கள்; பின்வந்த பாண்டியன் கடுங்கோன் நாட்டை மீட்டான்; தலைமுறைகள் கழித்து அந்த அந்தணரின் வழிவந்தவர் நெடுஞ்சடையனிடம் முறையிட, ஊர் திரும்பக் கிடைத்தது. ஐயா, இது நிலம் பறிகொடுத்த தரப்பின் பத்திரம்! வாதி கொடுத்த மனுவையே தீர்ப்பு என்று நாம் வாசித்துவிட்டோம்.

அந்த இருட்டில் என்னதான் நடந்தது? பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் பல அப்போது பிறந்தவை என்பது அறிஞர் பலரின் கணிப்பு. சோழநாட்டுப் பௌத்தத் துறவி புத்ததத்தர் காவிரிக்கரை விகாரையில் இருந்து பாலியில் நூல் எழுதி, அன்று ஆண்ட களப்பிர அச்சுதனின் பெயரையும் அதில் குறித்துவைத்தார். கல்லில் வட்டெழுத்து உருப்பெற்று வந்தது. ஆய்வறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி இந்தக் காலத்துக்காகத் தனி நூலே எழுதி வாதாடினார். சிவகங்கை மாவட்டத்துப் பூலாங்குறிச்சிப் பாறையில் சேந்தன் கூற்றன் என்னும் அரசனின் கல்வெட்டு கிடைத்தது. அவனைக் களப்பிரன் என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்தணர் நிலத்தைப் பறித்தவர்கள் என்று பேர் வாங்கிய அவர்கள் காலத்துக் கல்வெட்டு என்ன பேசுகிறது தெரியுமா? அந்தணருக்குக் கொடுத்த பிரமதாய நிலத்தைப் பற்றியும், தேவகுலம் என்னும் கோயிலைப் பற்றியும், காராண்மை என்னும் உழவுரிமையைப் பற்றியும் பேசுகிறது! அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி கிடைக்கவில்லை என்றால், நாட்டில் விளக்கே எரியவில்லை என்றா பொருள்?

அரசனை ஒதுக்கிவிட்டு நிலத்தைக் கேட்டவர் ஒருவர் உண்டு. ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமா. காவிரிப் படுகையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். ஒன்றில் நிலம் ஊராருக்குப் பொது. பிரமதேயமான, அதாவது அந்தணருக்குக் கொடையாகத் தரப்பட்ட, மற்றதில் தனியார் உடைமை. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளுக்கு வந்தால், பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நிலம் பெருகுகிறது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் சமூகமே புரண்டது என்றார் அவர். அதே சோழர் குலம், அதே புலிக்கொடி. ஆனால் உழுகுடிக்குக் காலம் மாறிவிட்டது.

அவரும் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும் சோழர் காலத்தையே 985, 1070, 1178 என்ற ஆண்டுகளில் வெட்டி நான்காக்கிக் கணக்கெடுத்தார்கள். அவையும் அரசர்கள் அரியணை ஏறிய ஆண்டுகள்தாம், ஒளிப்பானேன்? கோடு இல்லாமல் எவராலும் எண்ண முடியாது. அவர்கள் எண்ணுவதற்காகக் கோடு போட்டார்கள். மில் தீர்ப்புச் சொல்வதற்காகப் போட்டார்.

ஆசிரியப் பெருமக்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி கரும்பலகையில் இருண்ட காலம் என்று எழுத நேர்ந்தால், அதன் அடியில் இதையும் எழுதுங்கள்: இதைச் சொன்னவர் யார், அவர் இழந்தது என்ன? பிள்ளைகள் பதில் தேடட்டும். முடிந்தால் அவர்களைப் பூலாங்குறிச்சிக்கு அழைத்துப் போங்கள். திருப்பத்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது.