அரசாணை நம் தெருவுக்கு வந்து சேர

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மாநில அரசின் கல்விக் கொள்கையும், அண்மை ஆண்டுகளில் வந்துள்ள ஆணைகளும் ஆகும். இவையெல்லாம் அதிகாரிகளும் ஆசிரியர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை, நமக்கு ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தால் நாம் இழந்தவை பல. ஆகவேதான் இதைப் பேசத் துணிந்தோம்.

நம் ஊர் சுரங்கத்தால் பெயர் பெற்றது. 1957ஆம் ஆண்டிலே இங்கு சுரங்கப் பணி தொடங்கிற்று. நிலத்துக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று அறிந்ததனால் மட்டும் ஒரு வீட்டிலும் விளக்கு எரிந்துவிடவில்லை. மேல்மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. கீழிருந்து அழுத்தும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரே கரியும் மின்சாரமும் கிடைத்தன. அரசாணையும் அத்தகையதே. அது கோப்பிலே இருக்கும் வரையில் நம் பிள்ளைக்குப் பயன் இல்லை. அதைத் தோண்டியெடுத்துத் தெருவுக்குக் கொண்டு வரும் வேலை நம்முடையது.

இதனை நம் வரலாறே சொல்லும். 1893ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண அரசு, அந்நாளில் பஞ்சமர் என்றழைக்கப்பட்ட நம் முன்னோரின் கல்விக்கென உதவித்தொகை வழங்கி ஆணை பிறப்பித்தது. ஆணை வந்தது, ஊர்ப் பள்ளிகளின் கதவுகள் திறந்தனவா? பல இடங்களில் திறக்கவில்லை. அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1916இல், நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். ஆணை செய்யாததை ஒரு துறவியின் உழைப்பு செய்தது. பின்னர் இதே மாவட்டத்தைச் சேர்ந்த பெரியவர் இளையபெருமாள் அவர்கள் தலைமையில், தீண்டாமையையும் தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய நடுவண் அரசு குழு அமைத்தது. அக்குழு 1969இல் அறிக்கை அளித்தது. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருவதற்கு 1989 வரை நாம் காத்திருந்தோம்.

மறுபக்கமும் உண்டு. மக்கள் விழித்துக் குரல் கொடுத்தபோது ஆணைகள் மாறியும் உள்ளன. 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்துக் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், எதிர்ப்பின் காரணமாக 1954இல் கைவிடப்பட்டது. 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என அறிவித்த ஆணை 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. எனவே ஆணை என்பது கல்லில் வெட்டிய எழுத்தும் அன்று. தானே நடந்துவரும் வரமும் அன்று.

இனி, அண்மைச் செய்திகளுக்கு வருவோம். ஓய்வுபெற்ற நீதியரசர் முருகேசன் தலைமையிலான குழு 2024இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2025 ஆகஸ்ட் 8 அன்று பள்ளிக் கல்விக்கான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டது. 1968 முதல் நாம் கடைப்பிடித்து வரும் இருமொழிக் கொள்கையை அது உறுதி செய்தது. 2017-18 கல்வியாண்டு முதல் நடைபெற்று வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் நீக்கியது. எட்டாம் வகுப்பு வரையில் தேக்கி வைத்தல் இல்லை என்னும் நிலையையும் நிலைநிறுத்தியது.

இவை நல்ல முடிவுகளே. ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் நமக்கு ஒரு கடமை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புத் தேர்வு ஏன் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சில பள்ளிகள் அவ்வகுப்புப் பாடங்களைப் புறக்கணித்து, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்வித்தன. அதைத் தடுக்கவே அத்தேர்வு கொண்டுவரப்பட்டது. தேர்வு நீங்கிய பின் அப்பழக்கம் மீண்டும் தலைதூக்கக்கூடும். அப்படி நேர்ந்தால், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத நம் பிள்ளையே முதலில் கல்லூரியில் தடுமாறும். ஆகவே பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுமையாக நடத்தப்படுகிறதா என்று நாம் கேட்க வேண்டும்.

அவ்வாறே, தேக்கம் இல்லை என்பதற்குக் கற்பித்தல் தேவையில்லை என்பது பொருளன்று. எழுத்துக்கூட்டி வாசிக்கவும் இயலாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துசேரும் பிள்ளை, பத்தாம் வகுப்பில் பள்ளியை விட்டே நீங்கிவிடுகிறது. அதற்காகவே தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இலும், ஆறு முதல் ஒன்பது வகுப்பு வரையிலான மாணவரின் அடிப்படைத் திறனுக்கென ‘திறன்’ திட்டம் 2025இலும் தொடங்கப்பட்டன. உங்கள் பிள்ளை இவற்றில் எந்நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் வினவுங்கள். அது குற்றம் காணும் கேள்வியன்று, பெற்றோரின் உரிமை.

நடுவண் அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே எழுந்த கொள்கை வேறுபாட்டால் சமக்ர சிக்ஷா நிதி தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதையும் நாம் கண்டோம். 1976ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியதிலிருந்தே இத்தகைய இழுபறிக்கு வழி பிறந்தது. 2025-26 கல்வியாண்டில், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு உரிய 25 விழுக்காட்டு இடங்களுக்கான சேர்க்கை மாதக்கணக்கில் தாமதமாயிற்று. மேலே இருவர் வழக்காடும்போது வாசலில் காத்து நிற்பது நம் குழந்தை என்பதை மறந்துவிடலாகாது.

நண்பர்களே, ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறோம். நம் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாணவி திடீரென வரவில்லை. சென்று பார்த்தபோது, தாயோடு முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். கல்வி உதவித்தொகை வரவில்லை, இனி படிக்க வழியில்லை என்றார் தாய். ஆராய்ந்து பார்த்தோம். தொகை மறுக்கப்படவில்லை. அவள் வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாமல் இருந்தது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. இரண்டு நாள் அலைச்சலில் அது சீராயிற்று. அவள் வகுப்புக்குத் திரும்பினாள். ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோக இருந்ததற்குக் காரணம் இவ்வளவே! இத்தகைய சிறு தடைகளால் படிப்பை இழந்தோர் நம் தெருக்களில் எத்தனை பேர்!

ஆகவே சில செய்திகளை மனத்தில் இருத்துங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்கல்விகளுக்கும் 2021இல் அது விரிவாக்கப்பட்டது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவற்றுக்கெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. எனவே ஐந்தாம் வகுப்பு முடித்ததும் கடன் வாங்கியேனும் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற எண்ணும் பெற்றோர், எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் பல கருவிகளை நமக்குத் தந்துள்ளது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் சேர்க்கையை மறுத்தல் கூடாது. அடித்தலும் மனத்தைப் புண்படுத்துதலும் தடை செய்யப்பட்டவை. குறை நேர்ந்தால் எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதங்களுக்குள் அதன்மீது முடிவெடுக்கப்பட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் எண்ணிக்கைக்கேற்ற இடம் தரப்பட வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவின் பணியே.

சட்டம் நமக்கு நாற்காலி தந்துள்ளது. அந்த நாற்காலியில் நாம் எவ்வாறு அமர்கிறோம்? கூட்ட நாளில் ஒருநாள் கூலி போகிறதே என்று வராதிருப்போரும், வந்தாலும் எழுதியதைப் படிக்காமல் கையொப்பமிட்டு எழுந்து செல்வோரும் நம்மில் உண்டு. அவர்களைக் குறை கூறுதல் எளிது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒருநாள் கூலி என்பது வீட்டின் அடுப்பு என்பதை அறிவோம். அதனால்தான் இளைஞர்களை நோக்கி வேண்டுகிறோம். நீங்கள் உடன் செல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். தாய்மார் சொல்வதை எழுத்தில் பதியச் செய்யுங்கள். பதில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், பின்னர் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுதுங்கள். கிராம சபையிலும் எழுந்து பேசுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி முப்பது நாளில் பதில் பெறும் வழியும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் இயலாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களாலேயே நம் பிள்ளை ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதிச் சொல் கூடாது, மாணவர் சாதி காட்டும் கயிறுகள் அணிதல் கூடாது, அகர வரிசையில் அமரச் செய்ய வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைத்தல் பற்றியும் பேச்சு எழுந்தது. 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே அதற்கான அறிவிப்பு வந்தது. இணைப்பால் தரமும் கண்காணிப்பும் உயரும் என்பர் ஒரு சாரார். போராடிப் பெற்ற நிலமும் நிதியும் பணியிடங்களும் கரைந்துபோகும் என அஞ்சுவர் மற்றொரு சாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. எத்துறையின் பலகை தொங்கினாலும், உள்ளே ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் திறக்கிறதா, விடுதியில் சோறு நன்றாக இருக்கிறதா என்பவையே நம் அளவுகோலாக இருக்கட்டும்.

தலைமையாசிரியப் பெருமக்களே, நாங்கள் உங்களுக்கு எதிரிகளாக வரவில்லை. சென்னையிலிருந்து வரும் சுற்றறிக்கையை உங்கள் மேசையிலேயே தங்கவிடாது, எங்கள் தாய்மார்க்குப் புரியும் தமிழில் எடுத்துரையுங்கள் என்றே வேண்டுகிறோம். ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பின் எங்களிடம் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கையோடு எங்கள் கையொப்பங்களும் சேரட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் நோட்டுப் புத்தகம் வழங்கியது. மாலை வகுப்பு நடத்தியது. இனி ஆணைகளைப் படித்துச் சொல்லும் பணியையும் மேற்கொள்வோம். ஒவ்வொரு தெருவிலும் ஓர் இளைஞர், ஒரு குறிப்பேடு, மாதம் ஒருமுறை ஒரு கூட்டம். இது போதும், தொடங்குவதற்கு. சகஜானந்தர் தொடங்கியபோது அவரிடம் இதைவிட மிகுதியாக ஒன்றும் இருந்திருக்காது.

பழுப்பு நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும். படித்த தலைமுறை தீர்ந்துபோவதில்லை. அதனை உருவாக்குவோம்.