கொடுக்கும் கையும் தோண்டும் கையும்

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உலக நாடுகள் ஒன்றுகூடும் அவைகளிலே உறுதிமொழிகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. எழுந்து நின்று ஏற்பார்கள், கையொப்பமிடுவார்கள், ஊர் திரும்புவார்கள், பிறகு மறப்பார்கள்! வளம் படைத்த நாடுகள் தமது தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை வளரும் நாடுகளுக்கு அளித்திட வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொது அவை தீர்மானித்தது. அரை நூற்றாண்டு கடந்தது. உதவி வழங்கும் வளநாடுகளின் குழுவிலே, 2023-ஆம் ஆண்டு அந்த அளவை எட்டியவை எத்தனை? நார்வே, லக்சம்பர்க், சுவீடன், ஜெர்மனி, டென்மார்க் — ஐந்தே ஐந்து!

அந்த ஐந்தில் முன்னே நின்ற நார்வேயைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். ஏறத்தாழ 55 லட்சம் மக்கள். நமது சென்னைப் பெருநகரில் வாழ்வோரைவிடக் குறைவு. ஆயினும் 1976 முதல் அந்த அளவுக்குக் கீழே அந்நாடு இறங்கியதில்லை. 2023-இல் நூற்றுக்கு ஒரு பங்கையும் தாண்டி அளித்தது. ஆகவே அது உத்தமர் நாடா? அவசரப்படாதீர்கள். புகழ் பாட நான் வரவில்லை. கணக்குப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

கொல்லத்துக் கடற்கரையிலே

நார்வேயின் அயல்நாட்டு உதவி எங்கே தொடங்கிற்று தெரியுமா? நமக்கு அண்டையிலுள்ள கொல்லத்தில்! 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நீண்டகரைப் பகுதி மீனவர்க்கு இயந்திரப் படகு, பனிக்கட்டித் தொழிற்சாலை, மருத்துவ நிலையம், குடிநீர் எல்லாம் வந்தன. நோக்கம் தூயது: ஏழை மீனவன் வயிறு நிறைய வேண்டும்.

நடந்தது என்ன? இறாலுக்கு வெளிநாட்டிலே விலை ஏறிற்று. இழுவைப் படகுகள் பெருகின. மீன் பிடித்தறியாதவரும் முதல் போட்டு இலாபம் கண்டனர். கட்டுமரக்காரனோ கரையிலே கைபிசைந்து நின்றான். கடலிலே மோதல், தெருவிலே போராட்டம். முடிவில், 1988-இல் மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குக் கேரள அரசு தடை விதிக்கும் நிலை வந்தது.

கொடுத்தவன் தீயவனா? அல்ல. ஆனால் கடல் எவ்வளவு தரும், தந்தது யாருக்குப் போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் தரப்படும் உதவி, உதவியாகவே நிலைப்பதில்லை!

புகைக்கு எல்லை ஏது?

அந்த நாடும் ஒரு பாடம் படித்தது. தென் நார்வேயின் ஏரிகளிலே மீன்கள் மடிந்தன. ஆற்று நீரை உள்ளூர் ஆலைகள் கெடுக்கவில்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் எரிந்த நிலக்கரியின் கந்தகப் புகை, காற்றேறிக் கடல் கடந்து, அமில மழையாக வந்து விழுந்தது. எந்தப் படை கொண்டு அதைத் தடுப்பது? 1979-இல் ஜெனீவாவிலே எல்லை கடந்த காற்று மாசு குறித்த உடன்படிக்கை பிறந்தது. ஐரோப்பாவின் கந்தகப் புகை பெருமளவு குறைந்தது. மீன்களும் மெல்ல மெல்லத் திரும்பின. கூட்டுறவு என்பது கருணையல்ல தோழர்களே, தற்காப்பு!

அந்த ஆண்டுகளில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் அம்மையார், பின்னர் நாட்டின் பிரதமரானார். அவர் தலைமையிலமைந்த உலக ஆணையமே, 1987-இல் 'நீடித்த வளர்ச்சி' என்ற கருத்தை உலகறியச் செய்தது. இன்றைய பசியைத் தீர், ஆனால் நாளைய பிள்ளையின் விதைநெல்லைத் தின்று தீர்க்காதே என்பதே அதன் சாரம்.

காட்டுக்குக் கூலி

பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலே 2004-ஆம் ஆண்டு மட்டும் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. 2008-இல் அமேசான் நிதி ஏற்பட்டபோது, நூறு கோடி டாலர் வரை தருவதாக நார்வே வாக்களித்தது. முன்பணமல்ல, அழிவு குறைந்தால் குறைந்த அளவுக்குப் பணம்! 2012-இல் ஆண்டு அழிவு 4,600 சதுர கிலோமீட்டருக்கும் கீழே வந்தது. பிரேசில் அரசின் சட்டமும் காவலுமே அதற்கு முதற்காரணம். பணம் துணை நின்றது. 2019-இல் அங்கே வந்த ஆட்சி, நிதியை நடத்திய குழுக்களைக் கலைத்தது. நார்வே பணத்தை நிறுத்தியது. 2023-இல் ஆட்சி மாறவே, நிதி மீண்டும் உயிர் பெற்றது.

மற்றொரு கை

இனி, அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? 1969-இல் வடகடலிலே எண்ணெய் கிடைத்தது. அந்த வருவாயை ஊதாரித்தனமாகச் செலவிடாது, வருங்காலத்துக்கென நிதியாக்கினர். இன்று அது ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கும் மேல். 1991-லேயே கரியமில வாயுவுக்கு வரியும் விதித்தனர். மெச்சத்தக்கதே!

ஆனால், விற்ற எண்ணெய் எரியும்போது எழும் புகை, வாங்கிய நாட்டின் கணக்கிலேதான் ஏறுகிறது. அமில மழைக்குப் பிறர் புகையைச் சுட்டிக்காட்டிய நாடு, தான் விற்ற பொருளின் புகையைத் தன் ஏட்டில் எழுதுவதில்லை! வருங்காலத் தலைமுறைக்கும் நல்ல சூழல் உரிமை என்று 1992-லேயே அரசியல் சட்டத்தில் பொறித்த நாடு அது. அந்த விதியைக் காட்டி, வடதுருவக் கடலிலே புதிய எண்ணெய் உரிமம் கூடாதென்று வழக்காடினர். 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஒரு கை காட்டுக்குக் கூலி கொடுக்கிறது. மறு கை கடலைத் தோண்டுகிறது. என்ன முடிவுக்கு வருவது? "தோண்டுபவனின் பணம் தீண்டத்தகாதது" என்று தள்ளுவதா? தள்ளினால் அழிவது காடு. "கொடுக்கிறானே, கேள்வி எதற்கு?" என்று வாய்மூடுவதா? மூடினால் உயர்வது கடல் மட்டம். முதலில் மூழ்குவது ஏழையின் குடிசை.

கொடுத்ததற்கு நன்றி கூறுவோம். தோண்டுவதற்குக் கணக்குக் கேட்போம். அந்தக் கேள்வியை நார்வேயிடம் மட்டுமல்ல, அதில் பாதியும் கொடாமல் அதைவிட அதிகம் எரிக்கும் நாடுகளிடமும் கேட்போம். நம்மை ஆள்வோரிடமும் கேட்போம். ஒரு நாட்டின் உறுதி அதன் பிரதிநிதி மேடையிலே பேசும் பேச்சில் இல்லை. தனக்கு வரும் இலாபத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டிய நாள் வருகிறதே, அந்த நாளிலே அது எடுக்கும் முடிவில் இருக்கிறது. நார்வேக்கு அந்த நாள் வந்துவிட்டது. உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாமும் பார்ப்போம்!