நிலையும் நாரும்



காலையில் கறிக்கடைக்குப் போய் ஓர் ஆட்டு இதயம் கேட்டேன். “ஒண்ணு குழம்புக்குக் காணாதே சார்” என்றார் கடைக்காரர். அந்த இதயம்தான் இந்தத் தட்டில் இருக்கிறது. மேலறைகள் இரண்டையும் அறுத்து எடுத்துவிட்டேன். இப்போது மேலிருந்து பார்த்தால் நான்கு வாய்கள் தெரியும். ஓரத்தை விரலால் அழுத்தினால் சதைபோல் அமுங்காது. முறுக்கிய பனைநார்போல் விறைத்து நிற்கும். இதயத்தின் நார்ச்சட்டகம் இதுதான்.

ஆங்கிலப் பாடநூல்கள் இதை எலும்புக்கூடு என்கின்றன. மனித இதயத்தில் எலும்பு ஏது? கொலாஜன் என்ற நார்ப்புரதம் நெருங்கிப் பின்னிய திசு இது. மாட்டு இதயத்தில் அசல் எலும்பே உண்டு என்பது வேறு கதை. படங்களில் நான்கு வளையங்களை அழகாக வரைந்திருப்பார்கள். அதையும் முழுசாக நம்பவேண்டாம். மகாதமனி வாயில் நார் கிரீடம்போல் ஏறி இறங்குகிறது. நுரையீரல் தமனி வாய் பெரும்பாலும் தசைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. மகாதமனி வால்வும் ஈரிதழ், மூவிதழ் வால்வுகளும் சந்திக்கும் முச்சந்தியில்தான் நார் நன்றாகத் தடித்திருக்கிறது.

வால்வு கதவென்றால் இந்த நார்ச்சட்டகம் நிலை. நிலை அகன்றால் கதவு சேராது, ரத்தம் பின்னால் ஒழுகும். தச்சரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். என்னை வியக்கவைப்பது இன்னொரு வேலை. மின்கம்பத்துப் பீங்கான்போல, மேலறையில் பிறக்கும் மின்னலையை இது கீழறைக்கு விடுவதில்லை. அந்த முச்சந்தியைத் துளைத்துப் போகும் ஒரே ஒரு தசைக்கற்றைதான் வழி. 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டது. அதன் தலைமாட்டில் இருக்கும் முடிச்சை 1906இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா விவரித்தார். முடிச்சில் அலை நொடியின் பத்தில் ஒரு பங்கு தயங்கும். அதற்குள் மேலறை தன் ரத்தத்தைக் கீழே இறக்கிவிடும்.

சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சுவரில் ஒரு கள்ளவழி இருக்கும், நூலளவு தசையிழை. வுல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் மூவரும் 1930இல் எழுதிய படபடப்பு நோய்க்கு அதுவே காரணம். இப்போது தொடை வழியாக வயரைச் செலுத்தி அந்த இழையைப் பொசுக்கிவிடுகிறார்கள்.

பழுதான கதவை மாற்றவும் இந்த நிலைதான் பிடிமானம். செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம் போனால் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகம். டாக்டர் வலியத்தான் வழிநடத்த, முந்தைய மாதிரிகள் தோற்று, நான்காவதாக வந்த செயற்கை வால்வை 1990 டிசம்பர் 6 அன்று அங்கே முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோகக் கூடு, பிளாஸ்டிக் வட்டு, சுற்றிலும் பாலியெஸ்டர் துணி வளையம். சங்கரன்கோவில் தறிக்காரர்கள் அந்தத் துணியைக் கவனிக்கவேண்டும். தையல் ஏறுவது அதில்தான். மறுமுனை நார்வளையத்தில். வெறும் தசையில் தைத்தால் நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் முச்சந்திப் பக்கம் ஊசி ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும் ஹிஸ் கற்றை சிக்கிக்கொள்ளும், பிறகு பேஸ்மேக்கர்தான்.

கூட்டம் முடிந்ததும் தட்டருகே வாருங்கள். கையுறை வைத்திருக்கிறேன். முச்சந்தி எங்கே என்று விரலால் தேடிப் பாருங்கள், பிள்ளைகள் முதலில்.