சர்க்கரை நோயாளியின் பாதம்
(விழாக் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



திருத்தணி வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் நமக்குச் சுடும். நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சூடு தெரியாது. நரம்பு மரத்துவிடுவதால் முள்ளும் வலிப்பதில்லை. கவனியாத புண், காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களுக்கு உணர்விழப்பே காரணமென்று கண்டார். மெத்தென்ற ரப்பர் செருப்பு அணியச் செய்தார். அந்தப் பாடம் சர்க்கரை நோய்க்கும் பொருந்தும்.

மருந்து டாக்டர் தருவார், பராமரிப்பு வீட்டில்தான். இரவுதோறும் பெரியவர்களின் பாதத்தை விளக்கொளியில் பாருங்கள். கழுவி, விரலிடுக்கிலும் ஈரம் போகத் துடையுங்கள். ஒத்தடம் வேண்டாம். சிவப்போ கொப்புளமோ கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கோயிலுக்கும் கடைக்கும் தம் காலால் நடந்து போவதே அவர்களுக்கு வாழ்வு. அதைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது.