ரப்பர் தேய்ந்தால் சுருதி இறங்கும்
(சங்க நூலகக் கூடத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் பேச வருவோர் வள்ளுவரையோ கம்பரையோ எடுத்துக்கொண்டு பேசுவது நம் சங்கத்து வழக்கம். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ, மூன்று விரற்கடை அகலமும் இல்லாத ஒரு ரப்பர்ச் சக்கரம். இதைப் பற்றி அரைமணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருக்கிறது. அத்துடன், பழுது பார்த்த எங்கள் நால்வர் குழு இச்சபையில் ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நூலக அறையில் கண்ணாடி அலமாரிக்கு அருகே இருக்கும் இசைத்தட்டுப் பெட்டியை நீங்கள் அறிவீர்கள். அறுபதுகளில் உறுப்பினர்கள் பணம் திரட்டி வாங்கியது. நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவின் பக்கத்தில் அமர்ந்து பாடும். பொங்கலன்றும் பாடும். 78 சுழற்சித் தட்டுகள் இருநூறுக்குக் குறையாமல் நம்மிடம் உள்ளன. அவற்றுள் ஒரு தட்டை வைத்துத்தான், நம் குடியிருப்புக் குழந்தைகள் எல்லோரும் 'பாட்டு அம்மாள்' என்று அழைக்கும் மூதாட்டியார், தம் இளமையில் ஒரு கீர்த்தனையைப் பாடம் செய்தார். பிறகு அதையே இங்குள்ள பெண்களுக்கு இரண்டு தலைமுறையாகக் கற்பித்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரியில் அந்தத் தட்டு பாடியபோது, "இது அவள் சுருதி இல்லையே! அரைக் கட்டை இறங்கியிருக்கிறதே!" என்றார் அம்மாள். தட்டில் பதிந்த பாட்டு எப்படி அம்மா இறங்கும் என்று நாங்கள் சிரித்தோம். மறு ஆண்டும் அவர் அதையே சொன்னார். அப்போது எவரும் சிரிக்கவில்லை. 'வயதாகிவிட்டது, காது தளர்ந்துவிட்டது' என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டோம். அது அவர் செவியில் விழாமல் இருந்திருக்க முடியாது. அதற்கடுத்த தை மாதத்தில், "என் காதை நானே நம்பவில்லை; குழந்தைகளுக்குப் பிசகாகச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது" என்று கூறி வகுப்பை நிறுத்திவிட்டார்.

சென்ற கோடையில் அறையை வெள்ளையடிக்கப் பொருள்களை வெளியேற்றியபோது, அப்பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. கடைசியாக ஒரு முறை பாடவைத்துப் பார்ப்போம் என்று அம்மாளின் தட்டையே வைத்தோம். எங்களுள் ஒருவர் தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினார். ஒரு நிமிடத்தில் எழுபத்து மூன்றரை. மீண்டும் எண்ணினோம். அதே எழுபத்து மூன்றரைதான்.

கணக்கைக் கேளுங்கள். தட்டின் வேகம் குறைந்தால் பாட்டின் தாளம் மட்டுமன்றிச் சுருதியும் அதே விகிதத்தில் இறங்கும். வேகம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு குறைந்தால், ஆர்மோனியத்தில் அடுத்த கீழ்க் கட்டைக்குப் பாட்டு வந்துவிடும். 78 என்பது எழுபத்து மூன்றரை ஆவது கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது அம்மாள் சொன்ன அரைக் கட்டை! அவருடைய காது தளரவில்லை. எங்கள் பெட்டி தளர்ந்திருந்தது. அன்றிரவு எங்களுள் எவரும் நன்றாக உறங்கவில்லை என்றால் அது மிகையன்று.

இனிப் பெட்டியின் உள்ளே செல்வோம்.

சுழல்தட்டைத் தூக்கினால் ஒரு பக்கத்தில் மோட்டாரின் தண்டு நிமிர்ந்து நிற்கும். அது நான்கு படிகளாகக் கடையப்பட்டிருக்கும். 16, 33, 45, 78 என்ற வேகங்களுக்கு ஒவ்வொரு படி. மோட்டார் மிக விரைவாகச் சுழல்வது. நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று என்று கொள்ளலாம். தட்டோ 33-ம் 78-மாகச் சுழலவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் தூது செல்வதுதான் நம் ரப்பர்ச் சக்கரம். கடைக்காரர்கள் இதை ஐட்லர் என்பார்கள். ஒரு புறம் தண்டின் படியையும், மறுபுறம் சுழல்தட்டின் உள் விளிம்பையும் இது தொட்டுக்கொண்டு உருளும். இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரத்துக் காரார்டு நிறுவனம் 1954-இல் வெளியிட்ட புகழ்பெற்ற 301 சாதனமும் இம்முறையில் இயங்குவதே. வீட்டுப் பெட்டிகளுள் பெரும்பாலானவையும் அப்படியே.

இச்சக்கரம் தேய்ந்து சிறுத்துவிட்டதால் வேகம் குறைந்தது என்று பலர் எண்ணுவர், நாங்களும் எண்ணினோம். அது பிழை. இடையில் உருளும் சக்கரம் பெரிதானாலும் சிறிதானாலும், ஒரு புறம் வாங்கிய விளிம்பு வேகத்தையே மறுபுறம் கொடுக்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பவை தண்டின் படியும் சுழல்தட்டின் விளிம்புமே. ஆனால் அது வழுக்காமல் உருண்டால்தான் இந்த நியாயம் செல்லும். ரப்பர் இறுகிப் பளபளப்பு ஏறிவிட்டால் பிடிப்புப் போய்விடும்; தண்டு சுற்றும், சக்கரம் நழுவும்.

ஒரு சோதனை சொல்கிறோம். ஊசியை வைக்காமல் சுற்றுகளை எண்ணுங்கள்; பிறகு ஊசியை வைத்து எண்ணுங்கள். நம் பெட்டியில் ஊசி இல்லாமல் 77, ஊசி தொட்டதும் எழுபத்து மூன்றரை. ஊசியின் சிறு உராய்வைக்கூடத் தாங்காமல் சக்கரம் வழுக்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ரப்பர் ஏன் இறுகுகிறது? ரப்பர்ப் பாலை அப்படியே உலர்த்தினால் கோடையில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் நிலைபெறும் என்று அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். ஆயினும் அந்த நிலைபேறு என்றைக்குமானது அன்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரை நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டே இருக்கிறது. வெப்பம் அவ்வேலையை விரைவாக்குகிறது. ஓசோன் விளிம்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. மேற்கு வங்கத்துக் கோடையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இயந்திர எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். இவை எல்லாவற்றையும் விடக் கொடியது நம் மறதி. பெட்டியை அணைத்தபின் வேகக் குமிழை நடுநிலைக்குக் கொண்டுவராமல் விட்டால், சக்கரம் மாதக்கணக்கில் தண்டின்மேல் அழுந்திக் கிடக்கும். அவ்விடத்தில் பள்ளம் விழும். பிறகு 33 வேகத்தில் விநாடிக்கு மூன்று முறை 'டொக் டொக்' என்று ஒரு சத்தம், மிருதங்கக்காரர் கேட்காத மிருதங்கமாகப் பாட்டினடியில் ஒலிக்கும்.

நிற்க. எங்கள் அறியாமைகளையும் சொல்லிவிடுவது நேர்மை. முதலில் ஒரு கடையில் ரப்பருக்குப் புத்துயிர் தரும் திரவம் என்று ஒரு சிறு புட்டியை வாங்கினோம். திறந்ததும் சுளுக்குத் தைலத்தின் வாசனை. அதில் மீத்தைல் சாலிசிலேட் இருப்பதால் அப்படி மணக்கும். நூலகத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் முழங்காலுக்குக் கொஞ்சம் கேட்டார். திரவத்தால் மேல்தோல் இளகிற்று. ஒரு வாரம் பெட்டி நன்றாகச் சுற்றியது. பிறகு பழைய கதைதான். அடுத்து, உப்புத்தாளைக் கையில் வைத்துச் சக்கரத்தைத் தேய்த்தோம். பளபளப்புப் போயிற்று, வட்டமும் போயிற்று. மோட்டார்த் தண்டையும் சற்றுச் சுரண்டிச் சொரசொரப்பாக்கலாம் என்று ஒருவர் புறப்பட்டார், நல்லவேளையாகத் தடுத்துவிட்டோம். சுழல்தட்டின் உள் விளிம்பு 250 மில்லிமீட்டர் என்றால், 33 வேகத்துக்கான படியின் குறுக்களவு 6 மில்லிமீட்டர்கூட இராது. அதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே வேகம் நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் குறையும். ரப்பரை மாற்றிக்கொள்ளலாம், தண்டைக் கெடுத்தால் பெட்டியே கெட்டது.

முறையான வேலை அதற்குப் பிறகே தொடங்கியது. முதலில் மோட்டாரைப் பிரித்தோம். ஐம்பது ஆண்டு எண்ணெய் அதன் தாங்கிகளில் கோந்தாக உறைந்திருந்தது. துடைத்து, ஒரு துளி மெல்லிய எண்ணெய் இட்டதுமே 75 சுற்று வந்தது. ரப்பரைக் குறை சொல்லுமுன் எண்ணெயைப் பாருங்கள் என்பது அன்று கற்ற பாடம். பிறகு சுழல்தட்டின் உள் விளிம்பையும் தண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தோம். கறுத்த அழுக்கு மூன்று துணி நிறைய வந்தது.

சக்கரத்துக்கு என்ன செய்வது? வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், விலையைக் கேட்டதும் பொருளாளர் எழுந்து போய்விட்டார். அச்சகத்தில் பணியாற்றிய நம் உறுப்பினர் ஒருவர்தான் வழி காட்டினார். அச்சு இயந்திரத்தின் உருளைகளில் ரப்பர் தேய்ந்தால் உரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்தித் தரும் பட்டறைகள் இந்நகரில் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையின் முதிய வங்காளித் தொழிலாளர் நம் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். "இவ்வளவு சிறிய உருளை எனக்கு இதுவரை வந்ததில்லை" என்று சிரித்தார். இறுகிய ரப்பரை உரித்தெடுத்து, உலோக நடுப்பகுதியைச் சுத்தம் செய்து, பசை பூசி, அச்சில் வைத்துப் புது ரப்பரை வேகவைத்தார். பின்னர் அதன் சொந்தத் தண்டிலேயே பொருத்திச் சுழலவிட்டு, சாணைக்கல்லால் வட்டமாக்கினார். கத்தியால் சீவினால் ரப்பர் விலகிக் கொடுத்து ஒழுங்கு கெடும். சாணையே வேண்டும் என்றார். வேறு தண்டில் வைத்து வட்டமாக்கினாலும் தன் தண்டுக்கு வரும்போது அது ஆடும். கூலியை வாங்க மறுத்தவரிடம் வற்புறுத்திக் கொடுத்தோம். இதில் பாடவிருப்பது டம்டம்மில் செய்த தட்டு என்றதும், அவரும் மறுக்கவில்லை. வேலை நேரம் முடிந்து அரைமணி அதைப் பற்றியே பேசினார்.

ஆம், டம்டம். கிராமபோன் கம்பெனி 1908-இல் சியால்டாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை தொடங்கி, 1928-இல் டம்டம்முக்கு மாறியது. சென்னையில் பாடிப் பதிவான எத்தனையோ தமிழ்ப் பாட்டுகள் அங்கேதான் அரக்குத் தட்டுகளாக அச்சாகித் தெற்கே திரும்பின. நம் அலமாரியில் உள்ள தட்டுகளின் நடுவட்டத்தில் அவ்வூரின் பெயரைச் சிறுவர்கள் படித்துப் பார்க்கலாம். நம் முன்னோர் பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்தார்கள். அவர்கள் பாட்டோ தட்டாவதற்காக இவ்வூருக்கு வந்தது.

சக்கரத்தைப் பொருத்தியபின் வேகத்தை அளந்தோம். காகிதத்தை நம்பாமல், கோடுகள் போட்ட வட்ட அட்டையைச் சுழல்தட்டில் வைத்தோம். நம் மின்சாரம் 50 அலைவு உள்ளது. நியான் விளக்கு விநாடிக்கு நூறு முறை மின்னும். 78-க்கு அட்டையில் 77 கோடுகள். அவை அசையாமல் நின்றால் வேகம் 77.92. 33-க்கு 180 கோடுகள் வேண்டும். இக்காலத்து எல்.ஈ.டி. விளக்குகளுள் பல இவ்வாறு மின்னுவதில்லை. அவற்றின் அடியில் வைத்துப் பார்த்துக் கோடுகள் தெரியவில்லை என்று மயங்க வேண்டாம். நம் அட்டையில் கோடுகள் நின்றன. ஊசியை வைத்தோம், அப்போதும் நின்றன.

உங்கள் வீட்டில் பெல்ட்டால் சுழலும் பெட்டி இருந்தால் வேலை எளிது. பழைய பெல்ட்டைத் தட்டையாக மடித்து நீளத்தை அளந்து இரட்டித்தால் சுற்றளவு வரும். பழையது நீண்டு தளர்ந்திருக்கும் என்பதால், புதியது அதைவிடச் சற்றுக் குறைந்த சுற்றளவில் இருக்கட்டும். வெந்நீரில் போட்டு இறுக்கும் வித்தை சில நாள்களுக்கே உதவும். உருகித் தாராய் ஒட்டிக்கொண்ட பெல்ட்டைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எங்களுள் ஒருவரின் வேட்டி அதற்குச் சாட்சி.

ஐப்பசி மாத ஞாயிறு ஒன்றில் பாட்டு அம்மாளை அழைத்து வந்தோம். காரணம் கூறவில்லை. ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துத் தட்டைப் போட்டோம். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். பல்லவி முடியுமுன் கையை நீட்டி ஆர்மோனியத்தில் ஐந்தாம் கட்டையை அழுத்தினார். இரண்டும் சேர்ந்து நின்றன. நாங்கள் எண்ணிய கணக்கை எல்லாம் அப்போதுதான் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்கு விடை எதுவும் கூறவில்லை. "மூன்று வருஷம்" என்று மட்டும் சொன்னார். பிறகு, தட்டை முதலிலிருந்து வைக்கச் சொன்னார்.

வகுப்பு, வரும் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு இதே கூடத்தில் மீண்டும் தொடங்குகிறது. பெட்டியின் சாவி நூலகப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. வாங்கிச் செல்வோர், பாட்டு முடிந்ததும் வேகக் குமிழை நடுநிலைக்குத் திருப்பிவிட்டு மூடியைச் சாத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.