தரத்தின் கணக்கில் நாம் எங்கே?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவது நம் மன்றத்தின் வழக்கமல்ல. அவர் விட்டுச்சென்ற வேலையில் ஒரு பகுதியை எடுத்துப் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பொருள் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் அளிக்கப்படும் 'அகத் தர உறுதி'ப் பயிற்சி. இதில் தலித் இலக்கிய மன்றத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். வேலை இருக்கிறது. 'தரம்' என்ற சொல்லால் நாம் அடிபட்ட அளவுக்கு வேறெந்தச் சொல்லாலும் அடிபட்டதில்லை. இடஒதுக்கீடு வந்தால் தரம் போய்விடும் என்றார்கள். இன்றைக்கு அதே சொல்லை அளப்பதற்கென்று ஓர் அலுவலகம், படிவம், பயிற்சி எல்லாம் வந்துவிட்டன. அந்த அளவுகோலை யார் செய்கிறார்கள், யார் கையில் கொடுக்கிறார்கள் என்று நாம் பார்க்காமல் யார் பார்ப்பது?

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவை அமைத்தது. நாம் 'நாக்' என்று சொல்வது அதைத்தான். நாக் வந்து போவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்தில் தரத்தைக் கவனிக்க ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் இருக்கவேண்டியது அகத் தர உறுதி மையம். கல்லூரிகளில் 'ஐக்யூஏசி' என்றால்தான் புரியும். ஆண்டுதோறும் தர அறிக்கை அனுப்புவது, நாக் வரும்போது சுய ஆய்வு அறிக்கை தயாரிப்பது, ஆசிரியர் பதவி உயர்வுக்கான ஆவணங்களைப் பேணுவது எல்லாம் இந்த மையத்தின் பொறுப்பு. தட்டச்சுப் பணியாளர் முதல் துணைவேந்தர் வரை இதற்கு வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத்தான் பயிற்சி.

பயிற்சியில் என்ன நடக்கிறது? ஏழு அளவுகோல்களைச் சொல்லித் தருகிறார்கள்: பாடத்திட்டம், கற்பித்தலும் மதிப்பிடலும், ஆராய்ச்சி, உள்கட்டமைப்பு, மாணவர் ஆதரவு, நிர்வாகம், நிறுவன விழுமியங்கள். மொத்தம் 1000 மதிப்பெண். பல்கலைக்கழகம் என்றால் ஆராய்ச்சிக்கு 250, கற்பித்தலுக்கு 200, மாணவர் ஆதரவுக்கு 100. 2017இல் முறை மாற்றப்பட்ட பிறகு பெரும்பகுதி எண்களாகிவிட்டது. எண்ணுக்குச் சான்று வேண்டும். எனவே எந்தக் கூட்டத்தை எப்படிப் படம் எடுப்பது, இடக்குறிப்போடு எப்படிப் பதிவேற்றுவது, சரிபார்ப்பவர் கேள்வி கேட்டால் எந்தக் கடிதத்தை இணைப்பது என்பதே பயிற்சியின் பெரும்பகுதியாகிறது. படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் நல்ல ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் வாங்குகிறார்.

நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் கல்லூரி எப்படி இருக்கும் என்று இங்கிருக்கும் மாணவர்களுக்குத் தெரியும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். கழிப்பறைக்குப் பூட்டுத் திறக்கும். என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று வகுப்பில் ஒத்திகை நடக்கும். அந்த வாரம் ராப்பகலாகப் பெருக்கித் துடைக்கிற தூய்மைப் பணியாளர் யார், அவருக்கு என்ன கூலி என்ற கேள்வி எந்தக் கோப்பிலும் ஏறாது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழு உறுப்பினர்களையே லஞ்ச வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்த செய்தியை நாம் படித்தோம். ஆனால் ஊழலை மட்டும் பேசிவிட்டு நகர்ந்தால் பிரச்சினையின் பாதிதான் கையில் கிடைக்கும். லஞ்சமே இல்லாமல், எல்லாரும் ஒழுங்காக நிரப்பினாலும், அந்தப் படிவம் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதுதான் நம் கேள்வி.

மூன்று இடங்களை மட்டும் காட்டுகிறோம்.

முதலாவது, சேர்க்கை. ஒதுக்கீட்டு இடங்களில் எத்தனை சதவீதம் நிரம்பியது என்று படிவம் கேட்கிறது. நல்லது. இது நம் போராட்டத்தால் வந்த கேள்வி. ஆனால் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்து வெளியேறினார்கள்? தேர்ச்சி விகிதத்தைப் பாடப்பிரிவு வாரியாகக் கேட்கிறார்கள், சமூகப் பிரிவு வாரியாகக் கேட்பதில்லை. முதலாண்டில் பத்துப் பட்டியலினப் பிள்ளைகள் சேர்ந்து மூன்றாமாண்டில் ஆறு பேர் மட்டுமே இருந்தாலும் அந்தக் கல்லூரியின் சேர்க்கைக் கணக்கில் ஒரு புள்ளி குறையாது. நான்கு பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. அறிக்கையில் இல்லை.

இரண்டாவது, உதவித்தொகை. எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று கேட்கிறார்கள். எப்போது கையில் கிடைத்தது என்று கேட்பதில்லை. மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கிய திட்டம். நம் குடும்பங்களில் முதல் பட்டதாரிகள் பலர் அதைப் பிடித்துத்தான் ஏறி வந்தார்கள். ஜூனில் கல்லூரி திறந்து, தேர்வுக் கட்டணம் கட்டும் நாள் தாண்டி, அடுத்த ஆண்டு பணம் வந்தாலும் பயனாளிகள் எண்ணிக்கையில் அது வெற்றிதான். இடையில் விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனதோ, பிள்ளை கேட்டரிங் வேலைக்குப் போய் வருகைப்பதிவு குறைந்ததோ யாருக்கும் தெரியாது. பிறகு அதே வருகைப்பதிவைக் காட்டித் 'தரமில்லாத மாணவர்' என்பார்கள்.

மூன்றாவது, புகார். மாணவர் குறைதீர்ப்பு பற்றிய கேள்வியில் பாலியல் துன்புறுத்தலும் ராகிங்கும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. அப்படித்தான் வேண்டும். பெண்கள் போராடிப் பெற்றது அது. சாதிப் பாகுபாட்டுக்கு அங்கே பெயர் இல்லை. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்தும் ஒழுங்குமுறை விதிகளை 2012இல் மானியக் குழுவே வெளியிட்டது. சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. ஒரு கையால் விதி எழுதியவர்கள் மறு கையால் நடத்தும் மதிப்பீட்டில் அந்த விதி நடைமுறையில் இருக்கிறதா என்று தனியாகப் புள்ளி வைத்துக் கேட்கவில்லை. ரோஹித் வெமுலாவின் தாயாரும் பாயல் தட்வியின் தாயாரும் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

ரோஹித் 2016 ஜனவரி 17 அன்று மறைந்தபோது ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் 'ஏ' தரம் பெற்ற நிறுவனம். சேலத்திலிருந்து போன நம் முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் மறைந்தபோது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் அப்படியே. விடுதியிலிருந்து ஐந்து தலித் ஆய்வாளர்களை வெளியேற்றியதாலோ, மாதக்கணக்கில் ஆய்வு உதவித்தொகை வராமல் போனதாலோ எந்த அளவுகோலிலும் ஒரு புள்ளி குறையவில்லை. அந்தப் பல்கலைக்கழகங்களில் நல்ல ஆய்வு நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் உயிர் தரத்தின் கணக்கில் வரவில்லை என்று சொல்கிறோம்.

அப்படியானால் இந்த ஏற்பாடே வேண்டாம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. தள்ளினால் நமக்குத்தான் நட்டம். காரணம் இரண்டு.

ஒன்று, இந்தப் புள்ளி பணமாகிறது, அதிகாரமாகிறது. 2018இல் வந்த படிநிலைத் தன்னாட்சி விதிகளின்படி, நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல் புள்ளி பெற்ற பல்கலைக்கழகம் மானியக் குழுவின் முன் அனுமதி இல்லாமலே புதிய பாடப்பிரிவுகளைத் தொடங்கலாம். நிபந்தனை, அரசிடம் பணம் கேட்கக்கூடாது. அப்படியென்றால் பணம் யாரிடமிருந்து வரும்? மாணவரின் கட்டணத்திலிருந்து. தரப்புள்ளி ஏற ஏற சுயநிதி வகுப்பு பெருகும். உயர்ந்த தரம் என்ற பலகையின் கீழ் நம் பிள்ளைகள் நுழைய முடியாத வாசல்கள் கூடும். இந்தக் கணக்கு நம்மை எண்ணாவிட்டாலும் நம்மைத் தொடாமல் விடாது.

இரண்டு, எண் நம் கையில் வந்தால் அதுவே ஆயுதம். இதற்கு வரலாறு உண்டு. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை சுகதேவ் தோரட் தலைமையிலான குழு ஆராய்ந்து 2007இல் அறிக்கை தந்தது. அவர்கள் மாணவர்களிடமே கேட்டார்கள். ஆசிரியர் முகம் பார்த்துப் பேசுகிறாரா, விடுதியில் யாரோடு சாப்பிடுகிறாய், செய்முறைத் தேர்வில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தொகுத்தார்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நாஃபே குழு 2016இல் ஆய்வுப் படிப்புச் சேர்க்கையின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தது. எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இடையே சமூகப் பிரிவு வாரியாகத் தொடர்ச்சியான வேறுபாடு தெரிந்தது. நேர்முகத்தின் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கச் சொன்னது அந்தக் குழு. ஒரு நிறுவனம் தன் சொந்தப் பதிவேட்டைத் தானே திறந்து, தன் அநீதியைத் தானே எண்ணி, திருத்தும் வழியையும் சொன்னது. அகத் தர உறுதி என்றால் இதுதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது? எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வாகி, நேர்முகமே முழுவதையும் தீர்மானிக்கும் விதி வந்தது. முத்துக்கிருஷ்ணன் எதிர்த்துப் பேசியது அந்த விதியைத்தான்.

பணி நியமனத்திலும் இதைப் பார்த்தோம். 2018 மார்ச்சில் இடஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகத்தை அலகாக எடுக்காமல் துறையை அலகாக எடுக்கச் சொன்னார்கள். 13 புள்ளி ரோஸ்டரில் பட்டியலினத்தாரின் முறை ஏழாவது பணியிடத்தில்தான் வரும். பழங்குடியினர் பதினான்காவது வரை காத்திருக்கவேண்டும். ஆறு ஆசிரியர் உள்ள துறையில் நமக்கு இடமே கிடையாது. சட்டத்தில் ஒதுக்கீடு அப்படியே இருக்கும், எண்ணும் முறையை மட்டும் மாற்றுவார்கள், இடம் மறைந்துவிடும். தெருவில் இறங்கிப் போராடிய பிறகே 2019இல் அதை மாற்றச் சட்டம் வந்தது. எழுத்தர் மேசையில் நடக்கிற கூட்டல் கழித்தலில் நம் தலைமுறையின் வேலை தீர்மானமாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே பயிற்சியை ஒழிக்கச் சொல்லவில்லை. பயிற்சியின் பாடத்தை மாற்றச் சொல்கிறோம். மூன்று நாள் பயிற்சியில் ஒரு நாளையாவது இதற்கு ஒதுக்குங்கள். வரும் அலுவலர் தன் நிறுவனத்தின் சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேட்டையும் கொண்டுவரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் நடுவில் நின்றார்கள் என்று எண்ணட்டும். உதவித்தொகை விண்ணப்பம் கல்லூரியிலிருந்து போன தேதியையும் மாணவர் கணக்கில் பணம் ஏறிய தேதியையும் எழுதட்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் பெயர் தெரியாமல் திருத்தப்படும் பருவத்தேர்வு மதிப்பெண்ணையும் சமூகப் பிரிவு வாரியாக ஒப்பிடட்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளர் கிடைக்க யாருக்கு எத்தனை மாதம் ஆனது, நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை என்று பார்க்கட்டும். இவை எதற்கும் புதிய மென்பொருள் வேண்டாம். எல்லாம் அலமாரியில் இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எண்ணுவது வேறு, அடையாளம் காட்டுவது வேறு. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணுகிற கொடுமையை நம் பிள்ளைகள் போதுமான அளவு அனுபவித்துவிட்டார்கள். பெயர் வெளியே தெரியாமல் எண்ணக் கற்றுக்கொடுப்பதும் பயிற்சியின் பாடமாகவேண்டும்.

இனி நமக்கான வேலை. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1927இல் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் வந்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் எழுப்பிய கோரிக்கையை நினைவுகொள்வோம். பிற்படுத்தப்பட்ட மக்களுக்குப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில் இடம் வேண்டும் என்றார். வகுப்பறை வாசலோடு அவர் நிற்கவில்லை, முடிவெடுக்கும் அறைக்குள் நாற்காலி கேட்டார். இன்றைக்கு அந்த நாற்காலி விதியிலேயே இருக்கிறது. அகத் தர உறுதி மையத்தில் மாணவர், முன்னாள் மாணவர், உள்ளூர்ச் சமூகம் ஆகியோரிடமிருந்து பிரதிநிதிகள் இருக்கவேண்டும். மையம் காலாண்டுக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். உங்கள் கல்லூரியில் அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் முதல்வருக்கு வேண்டியவர்கள். நம் சேரியிலிருந்து அந்தக் கல்லூரியில் படித்து இன்று வழக்கறிஞராகவோ ஆசிரியராகவோ இருக்கும் ஒருவர் ஏன் அந்த முன்னாள் மாணவராக இருக்கக்கூடாது?

மாணவ நண்பர்களே, நான்கு காரியங்கள் செய்யுங்கள். உங்கள் கல்லூரியின் ஆண்டுத் தர அறிக்கையும் மையத்தின் கூட்டக் குறிப்புகளும் இணையத்தில் இருக்கவேண்டும், எடுத்துப் படியுங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ்க் கேளுங்கள். சமவாய்ப்பு மையம் இருப்பதாக அறிக்கையில் எழுதியிருந்தால் அந்த அறை எங்கே என்று தேடிப் போங்கள், பூட்டியிருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். மாணவர் திருப்திக் கணக்கெடுப்புக்கான கேள்வித்தாள் வந்தால் ஒத்திகை பார்த்த பதிலை எழுதாதீர்கள்.

இதைத் தனியாகச் செய்யவேண்டாம். தனியாகக் கேள்வி கேட்கிற பிள்ளையின் அகமதிப்பீடு என்னவாகும் என்று நமக்குத் தெரியும். மன்றத்தின் பெயரில் கேளுங்கள், வழக்கறிஞர் தோழர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மிடையே ஆசிரியர்களாக, அலுவலர்களாக இருப்பவர்கள் அடுத்த பயிற்சிக்குப் பெயர் கேட்டால் ஒதுங்கவேண்டாம், போங்கள். போய், நெறியாளர் கடைசியில் 'ஏதாவது சந்தேகம்?' என்று கேட்கும்போது கை தூக்குங்கள்.

நாக்கின் முறை மறுபடி மாறப்போகிறது. எழுத்துத் தரங்களுக்குப் பதிலாகத் தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்ற இரட்டை முறை வரும் என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். படிவம் திருத்தப்படும் காலம்தான் கேள்வியைச் சேர்க்கும் காலம். சாதிப் பாகுபாடு என்று பெயர் சொல்லி ஒரு கேள்வி, படிப்பை முடித்தவர்களின் சமூகப் பிரிவுக் கணக்கு, உதவித்தொகை கைக்கு வந்த தேதி. இந்த மூன்றையும் நம் மன்றம் கோரிக்கையாக எழுதி அனுப்பவிருக்கிறது. அரங்கின் வாசலில் அதன் படி இருக்கிறது. படித்துவிட்டு, உடன்பாடு இருந்தால் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள்.